பவுண்டரியில் கைரேகைப் பதிவு தவறுகிறது: வேலை நேரத்தை எந்தக் கருவியால் கணக்கெடுப்பது?

கேள்வி: வார்ப்புக்காரர், கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகே பம்ப்செட் உதிரிகளை வார்த்துக் கொடுக்கும் சிறிய பவுண்டரி ஒன்றின் அலுவலகப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். நேரடியாக 41 பேரும் ஒப்பந்ததாரர் மூலமாக 23 பேரும், ஆக 64 பேர் இரண்டு ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வாயிலில் ஒரு கைரேகைக் கருவியைப் பொருத்தினோம். மோல்டிங் (மணல் அச்சு செய்யும்) பகுதியிலும் ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும்) பகுதியிலும் வேலை செய்பவர்களுக்கு மணலாலும் கிரைண்டராலும் ரேகை தேய்ந்துவிடுவதால், நாள்தோறும் எட்டு, ஒன்பது பேருடைய விரலைக் கருவி ஏற்பதில்லை. அவர்கள் காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். சூப்பர்வைசர் மாலையில் அந்த நேரங்களைக் கணினியில் ஏற்றுகிறார். சென்ற மாதச் சம்பளத்தின்போது ஃபெட்லிங் தொழிலாளி ஒருவர், தான் வைத்திருந்த சிறு நோட்டைக் காட்டி, தன்னுடைய ஓவர்டைம் கணக்கில் 11 மணி நேரம் குறைகிறது என்றார். காகிதத்தாளைத் தேடினால் இரண்டு நாள் தாள்களைக் காணவில்லை. அவருடைய நோட்டை நம்புவதா, எங்கள் கணினியை நம்புவதா என்று முதலாளிக்கும் எனக்கும் விளங்கவில்லை.

கருவி விற்பவர் முகத்தைப் படிக்கும் கருவிக்கு மாறச் சொல்கிறார். முதலாளியின் மகன் எல்லோருடைய கைபேசியிலும் ஒரு செயலியைப் போட்டுவிடலாம் என்கிறார். நண்பர் ஒருவரோ, காந்த அட்டையே போதும், வீண் செலவு வேண்டாம் என்கிறார். தூசியும் சூடும் உள்ள இடத்தில் எது நிற்கும்? இந்தப் பதிவுகளை வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: டைம் ஆபீஸ்

கோவையில் ஒரு நூற்பாலையில், தொழிலாளரின் வருகை நேரத்தைக் கணக்கெடுக்கும் டைம் ஆபீசில் 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிய கருவி வாங்கும் முன், இப்போதுள்ள கருவியைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். விரல் விழவில்லை என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, தவறான விரலைப் பதிந்து வைத்ததால் வருவது. வேலைக்குச் சேரும் அன்று எல்லோரும் வலக்கை ஆள்காட்டி விரலைத்தான் நீட்டுவார்கள். கிரைண்டரையும் மணலையும் அதிகம் தொடுவதும் அதே விரல்தான். இடக்கை மோதிர விரலையும் நடுவிரலையும் கூடுதலாகப் பதிந்து வையுங்கள். தொழிலாளி தன் எண்ணை முதலில் அழுத்திவிட்டு விரலை வைக்கும்படி அமைத்தால், கருவி 64 பேருடைய ரேகைகளோடும் ஒப்பிடாமல் அந்த ஒருவருடைய ரேகையோடு மட்டும் ஒப்பிடும். தேய்ந்த ரேகைகூட அப்போது பல நேரங்களில் ஏற்கப்படும். கருவிக்கு முன்னால் ஒரு குழாயும் ஒரு துணியும் இருக்கட்டும்.

ஆனால் அந்த 11 மணி நேரத்துக்கு விரல்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மென்பொருளில் ஓவர்டைமை அரை மணிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். மாலை 4:30க்கு ஷிப்டு முடிந்து 5:27க்கு ஒருவர் வெளியே போனால் 57 நிமிடம் வேலை செய்திருக்கிறார். அந்த விதி அதை 30 நிமிடமாகக் குறைத்துவிடும். ஒரு நாளைக்கு 27 நிமிடம் என்றால், 25 நாளில் 11 மணி 15 நிமிடம். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 75. ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 150. ஆக, ஒரு மாதத்தில் 1,687 ரூபாய் 50 காசு யார் கையும் படாமல் காணாமல் போகிறது. கருவி பொருத்த வருபவர் இந்த விதியைத் தன் பழக்கப்படி வைத்துவிட்டுப் போவார். அதைத் திறந்து பார்த்த நிர்வாகிகளை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பஞ்ச் கார்டில் ஒரு வசதி இருந்தது. கார்டு, சுவரில் மாட்டிய தட்டில், தொழிலாளியின் கண்ணெதிரே இருக்கும். நேற்று எத்தனை மணிக்கு அச்சு விழுந்தது என்பதை அவரே பார்த்துக்கொள்வார், தப்பிருந்தால் அன்றைக்கே டைம் ஆபீஸ் சன்னலில் வந்து சண்டை போடுவார். இன்றைய கருவி "நன்றி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நேரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. தொழிலாளி சம்பள நாளில்தான் அதைப் பார்க்கிறார். அதனால்தான் உங்கள் ஃபெட்லிங்காரர் சட்டைப்பையில் நோட்டு வைத்திருக்கிறார்.

பதில்: கருவி பொருத்துபவர், ஈரோடு

மேலே பெரியவர் சொன்னது பெரும்பாலும் சரி. "தன் பழக்கப்படி வைத்துவிட்டுப் போவார்" என்ற குற்றச்சாட்டையும் தொழில்முறையில் ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும், பவுண்டரியில் ஒளியால் படிக்கும் சாதாரணக் கைரேகைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் விரலை மாற்றினாலும் ஓரளவுக்கு மேல் பயன் கிடைக்காது. ரேகை என்பது தோலின் மேல் உள்ள மேடும் பள்ளமும்தான். மேடே தேய்ந்துவிட்டால் படிக்க ஒன்றுமில்லை. பல அலைநீள ஒளியால் தோலின் அடியடுக்கையும் சேர்த்துப் படிக்கும் உணரிகள் உண்டு. அவை தேய்ந்த விரலையும் ஈர விரலையும் நன்றாகவே படிக்கும், ஆனால் விலை அதிகம். உள்ளங்கை இரத்தக்குழாயைப் படிக்கும் கருவிகளும் அப்படியே: இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் இரத்தக்குழாயின் வடிவம் கருமையாகத் தெரியும், மேல்தோல் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 64 பேருக்காக அவ்வளவு செலவு தேவையா என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

முகக்கருவி உங்கள் இடத்துக்குப் பொருந்தும், ஆனால் பொருத்தும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கருவிகள் அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மேல் பாய்ச்சி, சாதாரணக் கேமரா, அகச்சிவப்புக் கேமரா இரண்டிலும் படம் பிடித்து ஒப்பிடுகின்றன. கைபேசித் திரையில் வேறொருவர் படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி தடுப்பதும் இந்த ஏற்பாடுதான், ஏனெனில் திரையில் உள்ள முகம் அகச்சிவப்பில் முகமாகத் தெரியாது. ஆனால் வெயிலில் அகச்சிவப்பு நிறையவே இருக்கிறது. மேற்கு நோக்கிய வாயிலில் மாலை வெயில் நேராக லென்சில் விழும்படி பொருத்தினால், காலையில் ஒழுங்காக வேலை செய்த கருவி ஷிப்டு விடும் நேரத்தில் ஒருவரையும் அடையாளம் காணாது. நானே ஒரு முறை அப்படிப் பொருத்திவிட்டு, பிறகு தகரக் கூரை ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைப் பதியும்போது தலைக்கவசத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எனப் பதியுங்கள். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பதியச் சொல்லுங்கள்.

அட்டையைப் பற்றி ஒரே வரி: ரேடியோ அலையால் படிக்கப்படும் மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையை நகல் எடுக்கும் சிறு கருவி சந்தையிலேயே கிடைக்கிறது. நகலே எடுக்காமல், வராதவரின் அட்டையை நண்பர் தட்டிவிடுவதும் நடக்கும்.

கைபேசிச் செயலி ஊர் ஊராகப் போய்ப் பம்ப் பழுது பார்க்கும் பணியாளருக்கு ஏற்றது. அவர் எந்த விவசாயியின் கிணற்றடியில் எத்தனை மணிக்கு நின்றார் என்பதை ஜி.பி.எஸ். சொல்லிவிடும். தகரக் கொட்டகைக்குள் அதே ஜி.பி.எஸ். பக்கத்துத் தெருவைக் காட்டக்கூடும். பொய்யான இருப்பிடத்தைக் காட்டும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நாளுக்கு இரு முறை படமெடுத்து வருகைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினார்கள். 2025இல் ஒன்றிய அரசே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றும் முறைகேட்டைக் குறிப்பிட்டது. உருக்கிய இரும்பை ஊற்றும் இடத்தில் தொழிலாளி கையில் கைபேசி இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

எந்தக் கருவியானாலும் யு.பி.எஸ். இணைப்பும் நேர ஒத்திசைவும் தேவை. இணையத்தோடு இணைக்காமல் விட்ட கருவியின் கடிகாரம் சில மாதங்களில் பல நிமிடங்கள் விலகிவிடும். உள்ளே போகும் வாயிலில் ஒன்று, வெளியே வரும் வாயிலில் ஒன்று என்று இரண்டு கருவி வைத்து இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டினால், அந்த வேறுபாடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும்.

பதில்: பின்னலாடை தணிக்கை, திருப்பூர்

ஏற்றுமதி நிறுவனங்களுக்காக வாங்குபவர்களின் தணிக்கைக்கு ஆவணங்களைத் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்தியது விரலோ முகமோ அல்ல. "சூப்பர்வைசர் மாலையில் கணினியில் ஏற்றுகிறார்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான். கருவியிலிருந்து நேராக வரும் மூலப் பதிவு வேறு, அதன் மேல் விதிகளும் கைத்திருத்தங்களும் சேர்ந்து உருவாகும் சம்பளப் பதிவு வேறு. மலிவான மென்பொருள்கள் பலவற்றில், திருத்தியது யார், எப்போது, முன்பு என்ன நேரம் இருந்தது என்ற தடமே இருக்காது. தடம் இல்லாத மென்பொருளில் ஏற்றப்பட்ட நேரம், நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய நேரத்தைவிட நம்பகமானதல்ல.

எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்டு என்பது அன்றாடச் சொல்; எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. ஆகவே கணக்கைச் சிறிதாக்கிக் காட்டும் ஆசையும் பழையது. தணிக்கையாளர்கள் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. உடைந்த ஊசியின் துண்டுகளை ஒட்டி வைக்கும் பதிவேடு தையல் பகுதியில் இருக்கும். அதில் இரவு 9:40க்கு ஊசி உடைந்ததாக இருந்து, வருகைப் பதிவேட்டில் எல்லோரும் 5:30க்கே வீட்டுக்குப் போய்விட்டதாக இருந்தால், கைரேகையா முகமா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. ஜெனரேட்டர் ஓடிய நேரம், வாயிற்காவலரின் பதிவேடு, சரக்கு வெளியேறிய சீட்டு என எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். பவுண்டரியில், உலையில் உலோகம் உருக்கிய நேரத்தை எழுதும் பதிவேடே உங்களுக்கு அந்த ஊசிப் பதிவேடு. எத்தனை மணிக்குக் கடைசியாக உருக்கி ஊற்றினீர்கள் என்பது அதில் இருக்கும். ஊற்றும்போது அங்கே ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் ஃபெட்லிங் தொழிலாளியின் நோட்டை முதலில் அதோடு வைத்துப் பாருங்கள்.

டைம் ஆபீஸ் ஐயா சொன்ன பஞ்ச் கார்டு வசதியை இன்றும் கொண்டுவரலாம். நாங்கள் ஓர் ஆலையில் ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை சம்பளத்துக்கு முன், வெள்ளிக்கிழமை மாலையில், ஒவ்வொருவருக்கும் வந்த நேரமும் போன நேரமும் அச்சிட்ட துண்டுச்சீட்டைக் கொடுக்கத் தொடங்கினோம். முதல் மூன்று வாரம் புகார்கள் குவிந்தன. நிர்வாகம் என்னைக் கோபித்துக்கொண்டது. பிறகு குறைந்துவிட்டன.

பதில்: தொழிலாளர் சட்டம், சென்னை

சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவில் சொன்ன இரட்டிப்பு மிகைநேர (ஓவர்டைம்) ஊதியம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. மிகைநேரத்தை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் பார்த்து, தொழிலாளிக்கு எது சாதகமோ அதைக் கொடுக்க வேண்டும் என்றும், மிகைநேரம் வேலை செய்ய அவருடைய சம்மதம் வேண்டும் என்றும் அவற்றில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பு கூறுகிறது. அரை மணிக்குக் கீழ்நோக்கி வெட்டும் விதிக்கு இதில் எங்கும் இடமில்லை. ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளோ அதற்கு நேர்மாறாக, 15 முதல் 30 நிமிடம் வரையிலான துண்டை அரை மணியாகவும், 30 நிமிடத்துக்கு மேற்பட்டதை ஒரு மணியாகவும் மேல்நோக்கிக் கணக்கிடச் சொல்லின. மென்பொருளில் ஷிப்டின் நீளத்தை 12 மணி நேரம் என்று வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேரத் திருத்தம் எதிர்ப்புக்குப் பின் அந்த ஆண்டு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது, ஆயினும் அதை நம்பி அமைத்த சில கணினிகளை அப்படியே பார்த்திருக்கிறேன்.

ரேகையும் முகமும் தனிநபர் தரவுகள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பணியமர்த்தல் சார்ந்த நோக்கங்களுக்காக ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவு இடம் தருவதால், நிர்வாகங்கள் அதையே பற்றிக்கொள்கின்றன. ஆனால் பாதுகாக்கும் கடமை அதனால் நீங்குவதில்லை; போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வேலையை விட்டுப் போனவரின் ரேகையும் முகமும், தேவை முடிந்ததும் கருவியிலிருந்தும் விற்பனையாளரின் சர்வரிலிருந்தும் அழிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் வந்து போய்க்கொண்டிருக்கும் இடத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வாயிலில் ஒட்டுங்கள்.

முகம் காட்ட விரும்பாத ஒருவருக்கு மாற்று வழி வைப்பது நல்லது. பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் செர்கோ லெஷர் என்ற நிறுவனம் 38 இடங்களில் 2,000க்கு மேற்பட்ட ஊழியரின் வருகையை முகத்தாலும் விரலாலும் பதிவு செய்ததை அந்நாட்டுத் தகவல் ஆணையர் நிறுத்தச் சொன்னார். அட்டை போன்ற எளிய வழி இருக்க இது ஏன் தேவை என்பதை நிறுவனம் காட்டவில்லை, மறுக்கும் வழியும் ஊழியருக்கு முன்வைக்கப்படவில்லை என்பவை காரணங்கள். நம்மை அது கட்டுப்படுத்தாது. அதே ஐரோப்பாவில் 2019 மே 14 அன்று, ஸ்பெயின் தொழிற்சங்கம் ஒன்று டாய்ச்சு வங்கி மீது தொடுத்த வழக்கில், வேலை நேரத்தை அளக்கும் ஏற்பாடு சார்பற்றதாகவும் நம்பத்தக்கதாகவும் அணுகத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "அணுகத்தக்க" என்ற சொல்லைத்தான் திருப்பூர் நண்பரின் துண்டுச்சீட்டு நிறைவேற்றுகிறது.

ஒப்பந்தத் தொழிலாளர் 23 பேரின் பதிவை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடாதீர்கள். அவர் ஊதியம் கொடுக்கத் தவறினால், கொடுக்க வேண்டியது உங்கள் நிறுவனம்.

பதில்: வார்ப்புக்காரர், கோவை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மென்பொருளைத் திறந்து பார்த்தோம். அரை மணி விதி இருந்தது. அந்தத் தொழிலாளி சென்ற மாதம் 18 நாள் ஓவர்டைம் செய்திருக்கிறார். அவற்றில் 15 நாளில் 20 முதல் 28 நிமிடம் வரை வெட்டப்பட்டிருக்கிறது. கூட்டினால் 6 மணி 10 நிமிடம். மீதி 4 மணி 50 நிமிடம், மாலையில் விரல் விழாமல் காகிதத்தில் எழுதிவிட்டுப் போன இரண்டு நாள்களுக்கு உரியது. தாள் தொலைந்ததால், கணினி அவர் ஷிப்டு முடிந்ததும் போய்விட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இரு நாளும் உலைப் பதிவேட்டின்படி கடைசியாக உருக்கி ஊற்றியது மாலை 6 மணிக்கு மேல்தான். அவருடைய நோட்டு நிமிடம் வரை சரி.

அவருக்குரிய தொகையைக் கொடுத்துவிட்டோம். விதியை நீக்கிவிட்டோம். இடக்கை விரல்களைப் பதிந்த பிறகு, விரல் விழாதவர்கள் நாளைக்கு மூன்று பேராகக் குறைந்திருக்கிறார்கள். அந்த மூவருக்காகக் கிழக்குப் பக்கத்தில் கூரைக்கு அடியில் ஒரு முகக்கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலாளியின் கவலை இப்போது வேறு: இந்த அரை மணி விதி மூன்று ஆண்டுகளாக 64 பேருக்கும் இருந்திருக்கிறதே, அதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தொழிலாளர் சட்டம், சென்னை

மூலப் பதிவு இருந்தால் கணக்கிட முடியும். சம்பளப் பதிவிலிருந்து தொடங்காதீர்கள். வந்த நேரம், போன நேரம் மட்டும் உள்ள மூலப் பதிவை எடுத்து, அரை மணி விதி இல்லாமல் மறுபடி ஓட்டி, வேறுபாட்டை ஒவ்வொருவர் பெயரிலும் எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். அவர்கள் வங்கிக் கணக்கு உங்களிடம் இருக்கும்.

பதில்: கருவி பொருத்துபவர், ஈரோடு

அதை இன்றைக்கே செய்யுங்கள். கைரேகைக் கருவியின் நினைவகம் நிறைந்தால், பல மாதிரிகளில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு எழுதப்படும். மென்பொருள் நாள்தோறும் பதிவை இறக்கிக்கொண்டிருந்தால் மட்டுமே மூன்று ஆண்டும் கணினியில் இருக்கும். ஒரு பென்டிரைவைச் செருகி முழுப் பதிவையும் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொண்ட பிறகு, புதிய கருவி விற்பவரை உள்ளே விடுங்கள். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் விலையில் கழித்துக் கொடுப்பதாகச் சொல்வார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.